வெறும் குழாயின் பெயர்

பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கிளினிக்கில், பரிசோதனைப் பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தாமரை தினமும் முதலில் வெறும் உப்புநீரைச் சோதிப்பாள். பட்டையிலுள்ள எதிர்ப்பொருள் வைரஸின் புரதத்தைப் பிடித்தால்தான் இரண்டாம் கோடு விழும். பெயரும் கைப்பேசி எண்ணும் இல்லாத குழாயைப் பதிவேடு ஏற்காது. அதனால் போன வருடம் இறந்த கணவன் சிவனேஸ்வரனின் பெயரையும் எண்ணையும் எழுதுவாள்.

அன்று இரண்டு கோடுகள் விழுந்தன. தன் கைதான் பிசகியதோ என்று புதுப் பெட்டியைப் பிரித்தாள். இரண்டாம் கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது.

"பாசிட்டிவ்னா உடனே ஆளக் கூப்பிட்டுச் சொல்லணும்லா, அக்கா," என்றாள் முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த ஷஃபிகா. தாமரை தடுப்பதற்குள் கைப்பேசியோடு வெளியே போய்விட்டாள்.

திரும்பி வந்தாள்.

"பேசிட்டேன்கா. அவருக்குக் காய்ச்சல் இல்லையாம். ரொம்பக் குளிருதாம். வீட்டுச் சாவியை எங்க வச்சீங்கன்னு கேட்டாரு."