ஏற்கனவே உள்ளே இருக்கிறார்

"இந்தச் சனியனை எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்." கம்ப்யூட்டர்காரர் பல்லைக் கடித்தபடி கீபோர்டைத் தள்ளினார்.

காலையிலிருந்து இதே கூத்துதான். குடோனின் பழைய ஸ்டாக் சாப்ட்வேரை மேனேஜர் கம்ப்யூட்டரில் ஏற்றினால், முக்கால்வாசி ஓடிவிட்டு, 'ஸ்டோர் கிளார்க் ஏற்கனவே உள்ளே இருக்கிறார்' என்று காட்டி நின்றுவிடும்.

"அவனை வேலையை விட்டு அனுப்பி மூணு மாசமாச்சு," என்று எரிந்து விழுந்தார் மேனேஜர். "தண்டச் சம்பளம். அவன் போனப்புறம் ஒரு நாளாவது ஸ்டாக் கணக்கு தப்பியிருக்கா? சாயங்காலமானா தானா ஏறி நிக்குது. அதை ஹெட் ஆபீஸ்காரங்களுக்கு என் டேபிள்லயே காட்டணும். மத்தியானம் வர்றாங்க. அதுக்குள்ள முடியலைன்னா உங்க ஆளுங்க இனிமே இந்தப் பக்கமே வர வேணாம்."

பழைய சாப்ட்வேரின் புத்தி கம்ப்யூட்டர்காரருக்குத் தெரியும். எப்போதோ போனவன் பெயரையும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். மிச்சம் மீதியை எல்லாம் துடைத்தார், சர்வரை அணைத்துப் போட்டார், மறுபடி ஏற்றினார். மறுபடியும் அதே வரி.

"வேலை தெரிஞ்ச ஆளா அனுப்பச் சொல்லணும்," என்றார் மேனேஜர், போனைப் பார்த்துக்கொண்டே.

அவ்வளவுதான், கம்ப்யூட்டர்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. சர்வர் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். தூசி படிந்த மஞ்சள் ஒயர் கையோடு வந்ததும், சாப்ட்வேர் சமர்த்தாக ஏறி முடிந்தது.

மேனேஜர் முகத்தில் சிரிப்பு வந்தது. இவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அரை நாள் உயிரை வாங்கிய பெட்டி எதுவோ, அதைப் போட்டு உடைத்தால்தான் மனசு ஆறும் என்று மஞ்சள் ஒயரின் பின்னாலேயே போனார். அது பின்பக்கம், ஓட்டை உடைசல் போடும் அறைக்குள் நுழைந்தது. கதவைக் காலால் தள்ளினார்.

நசுங்கிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே, இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர். கழுத்தில் அடையாள அட்டை, பக்கத்தில் டிபன் கேரியர்.

"யாருய்யா நீ? இங்க என்ன பண்ற?"

அவர் பதறி எழுந்தார். "இன்னிக்கு ஸ்டாக் பாதி ஏத்திட்டேன் சார், திடீர்னு லைன் போயிடுச்சு."

பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வேலை போனது வீட்டுல இன்னும் தெரியாது சார்."