பழனியாண்டி ஸ்டோர்ஸ், எதிர்ப்புறம்

முத்துராஜ் கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தால் அவர் தங்கச்சியின் கடைக் கணக்கு தெரிந்தது.

நளினி இதைக் கண்டுபிடித்தபோது பாதிப் பகல் போயிருந்தது. குடையை மறந்து, ஒற்றைச் செருப்போடு மாடியிலிருந்து இறங்கி, தீவின் பெரிய கடைத்தெருவான அபர்டீன் பஜார் மழையில் ஓடினாள்.

பஜாரில் பல கடைகளுக்கு அவள் எழுதிய சாஃப்ட்வேர்தான். "சமையல்காரி ஒருத்திதான், ஆனா ஒவ்வொரு கடைக்கும் தனிப் பானை. உங்க டேட்டாபேஸ்ல அடுத்தவங்க கரண்டி படவே படாது" என்று சொல்லித்தான் ஆள் பிடித்தாள்.

இன்று காலை புது மெஷினுக்கு மாற்றும்போது கரண்டி பட்டுவிட்டது.

பட்டது சாதாரணப் பானையிலா? சுனாமிக்குப் பிறகு பக்கத்துத் தீவின் ஹட் பேயிலிருந்து வந்து பழனியாண்டி வைத்த பாத்திரக்கடை, அவர் போனதும் இரண்டானது. பிள்ளை முத்துராஜ் இந்தப் பக்கம், பெண் இந்திராணி எதிர்ப்பக்கம். அப்பா பெயரை விட்டுத்தர இருவருக்கும் மனசில்லை. ரோட்டின் இரு பக்கமும் 'பழனியாண்டி ஸ்டோர்ஸ்'. நளினியின் லிஸ்டிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக அதே பெயர். கை ஒரு வரி வழுக்கிவிட்டது.

அண்ணனும் தங்கையும் பேசி வருஷங்கள் ஆகின்றன.

போன வாரம்தான் இந்திராணி சொல்லியிருந்தாள்: "இந்த மாசமும் ஈ ஓட்டினேன்னா கடையை மூடிட்டு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிடுவேன், நளினி. அப்ப என் டேட்டாபேஸை அழிச்சிடு. நான் தோத்தது அண்ணன் கண்ணுல மட்டும் படக் கூடாது."

நளினி நுழைந்தபோது முத்துராஜ் திரையைப் பார்த்துத் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"போச்சு! இன்னொரு குடை போச்சு!"

"அண்ணே, அது உங்க கடை இல்லண்ணே!"

"எனக்குத் தெரியாதா? தொறந்த ஒடனே கண்டுபிடிச்சிட்டேன். நம்மகிட்ட ஏது பூப்போட்ட குடை?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

"மேட்ச் பாக்கறவன் எவனாச்சும் டிவியை அணைக்கச் சொல்லி போன் பண்ணுவானா?"

நளினிக்கு அழுகை வந்தது. "பில் கில் போட்டீங்களா?"

"ஒண்ணுகூடப் போடல. சத்தியம்!"

"பையா, பால்டி ஹை க்யா?" வாசலில் ஒருவர் வாளி கேட்டார். முத்துராஜின் தலைக்கு மேலேயே வாளிகள் குலை தள்ளியிருந்தன.

"நஹி ஹை, நஹி ஹை! ஜல்தி ஜாவோ!" இல்லவே இல்லையென்று கையை வீசி விரட்டிவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினார்.

வியாபாரத்தைக்கூட விட்டுவிட்டு உளவு பார்க்கிறாரே மனுஷன்!

"நகருங்கண்ணே, மாத்தணும்."

"சாயங்காலம் மாத்தேன்."

"முடியாது."

"சரி, குக்கர் இன்னும் மூணு கெடக்கு. அது போறதை மட்டும் பாத்துக்கறேம்மா!"

"எதுக்கு? அக்காகிட்ட தீந்ததும் நீங்க விலையை ஏத்தறதுக்கா?"

முத்துராஜ் கண்ணை அகல விரித்தார். "அட! இது எனக்குத் தோணலியே! நீ கடை வச்சா பொழச்சுக்குவே."

நளினி அவரைத் தள்ளாத குறையாக நகர்த்தி, அரை நிமிஷத்தில் மாற்றினாள். பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

மாற்றியாயிற்று. ஆனால் பார்த்தது பார்த்ததுதானே? மறைக்க மனம் வரவில்லை. ரோட்டைத் தாண்டினாள்.

இந்திராணி கடையில் நுழையவே இடமில்லை. கொண்டை அவிழ்ந்து தொங்க, இந்திராணி சிரித்துக்கொண்டே பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா நளினி! இன்னிக்கு என்ன ஊருக்கே கிறுக்குப் பிடிச்சிருச்சா? குடை, வாளி, குக்கர்னு அள்ளிட்டுப் போறாங்க. கப்பலாவது, மெயின்லேண்டாவது! என் டேட்டாபேஸைத் தொட்டே, கையை ஒடிப்பேன்!"

"அக்கா... தொட்டுட்டேங்க்கா."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

இந்திராணியின் சிரிப்பு அணைந்தது.

"என் கடை பூரா அண்ணன் பாத்துட்டாரா? எத்தனை கெடக்கு, எத்தனை போகுதுன்னு?"

"தப்பு என்னுதுதாங்க்கா."

"போச்சு. நாளைக்கே என்னைக் கவுத்திடுவாரு. விலையைக் குறைச்சே கொன்னுடுவாரு. போதும்டி, எல்லாத்தையும் அழிச்சிடு!" என்று ஷட்டர் கொக்கியை எடுத்தாள்.

"ஐயோ, மூடிடாதீங்க!" நனைந்த புடவையைப் பிழிந்தபடி ஷாதிபூரிலிருந்து சாமான் வாங்க வந்த ரெங்கம்மா உள்ளே பாய்ந்தாள். "ஃப்ளாஸ்க் குடுங்க. ரெண்டு இருக்குல்ல?"

இந்திராணி திடுக்கிட்டாள். "ரெண்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"எதிர்க்கடைக்காரர்தான். காலையிலேருந்து வர்றவங்களையெல்லாம் இங்கதானே வெரட்டறாரு! 'எங்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா, என் தங்கச்சி கடையில ரெண்டு இருக்கு, ஓடு ஓடு'ன்னாரு."