அழுமூஞ்சிப் பொத்தான்

"நாப்பது நிமிஷமா உக்காந்திருக்கேன்! மனுஷன் செத்த பிறகுதான் டோக்கன் கூப்பிடுவீங்களா?"

மேசையில் ஓங்கி அடித்தவர் கடுகு. அந்த அவசர சிகிச்சை மையத்தில் அவருக்கு அதுதான் பெயர்; சூடு ஏறுவதற்கு முன்பே வெடிப்பார். மணிக்கட்டுச் சுளுக்கு என்று வந்தவர் அதே கையால்தான் மேசையையும் அடித்தார்.

வேறு நாளாக இருந்தால் ரிசப்ஷன் பெண் பதிலுக்கு இரண்டு வார்த்தை கொடுத்திருப்பாள். இன்று மாதக் கடைசி. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

எல்லாம் வாசல் பக்கம் மாட்டியிருந்த மிஷின் செய்த வேலை. வைத்தியம் முடிந்து போகிறவர்கள் கவனிப்பு எப்படி என்று சொல்லட்டும் என மேலிடம் வைத்தது. எழுத்து ஒன்றும் கிடையாது. சிரிக்கிற பச்சை மூஞ்சியில் தொடங்கி அழுகிற சிவப்பு மூஞ்சி வரைக்கும் ஐந்து பொத்தான்கள், அவ்வளவுதான்.

இரண்டு மாதமாகச் சிவப்புதான் முந்திக்கொண்டிருந்தது. மூன்றாவது மாதமும் சிவப்பு என்றால் மையத்தையே இழுத்து மூடிவிடுவோம் என்று காலையில்தான் போன் வந்தது. மூடினால் நர்ஸக்காவை நான்கு இடத்தில் கூப்பிடுவார்கள். இவளை யார் கூப்பிடுவார்கள்? ஆறு வருஷம் நாயாய் அலைந்து கிடைத்த நாற்காலி.

"எல்லாம் இந்தக் கடுகு வேலைதான் அக்கா. வாரத்துக்கு மூணு வியாதியோட வர்றாரு. போறப்ப மிஷின் கிட்ட நிக்காம போறதே இல்ல."

"எதை அமுக்குறாருன்னு பாத்தியா?"

"எங்க பாக்கறது? தூண் மறைக்குதே. இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிக்கறேன் பாருங்க."

"பிடி, பிடி. இப்ப என்னை வேலை பாக்க விடு" என்று நர்ஸக்கா தையல்காரம்மா பக்கம் நகர்ந்தாள்.

இஸ்திரிப்பெட்டி விழுந்து கால் வெந்துபோனவர் தையல்காரம்மா. சர்க்கரை உடம்பு, புண் ஆறுவேனா என்றது. மூன்று மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருகிறார். வலி எவ்வளவு என்று கேட்பதற்கான பட அட்டையை நர்ஸக்கா நீட்ட, வழக்கம்போல் கடைசிப் படத்தில் விரலை வைத்தார்.

"ஆனா உன் கை பட்டாலே பாதி வலி போயிடுது மகராசி. நீங்கல்லாம் நல்லா இருக்கணும்" என்று வாயார வாழ்த்தினார்.

இவரைப் போல இன்னும் நாலு பேர் வந்தால் நம் பிழைப்பு தப்பிக்கும் என்று ரிசப்ஷன் பெண் பெருமூச்சு விட்டாள்.

அப்புறம் தொடங்கியது கடுகுக்கு ராஜ உபசாரம். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி, குடிக்கத் தண்ணீர், "கை எப்படி இருக்கு சார்?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விசாரிப்பு. அவர் கத்துவதற்கு வாயைத் திறந்து, சரக்கு கிடைக்காமல் மூடிக்கொண்டார்.

கையில் கட்டோடு வெளியே வந்தவர் நேராக மிஷினிடம் போனார். அவள் பூனைபோல் தூணுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள்.

பச்சை! பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற மூஞ்சி!

"சார்... எப்பவும் இதையா அமுக்குவீங்க?"

"பின்னே? நான் கத்தறதைக் காது குடுத்துக் கேக்கற ஒரே இடம் இதானே. வீட்ல யாரும்மா கேக்கறா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு நீதான் ஒரு மாதிரி இருந்தே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த மனிதரை மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. அவர் படியிறங்கிப் போகும்வரை தூணைவிட்டு நகர முடியவில்லை.

அதுவும் நல்லதாகப் போயிற்று. அடுத்து வந்தவருக்கு அவள் நின்றது தெரியவில்லை. வந்தவர் ஒற்றைக் காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, தையல் மிஷின் ஊசி மாதிரி நிற்காமல் அழுகிற மூஞ்சியைக் குத்தினார்.

"அம்மா! நீங்களா?" அவள் தூணை விட்டு வெளியே வந்தாள். "உங்களுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?"

தையல்காரம்மா திரும்பினார். முகத்தில் கள்ளமே இல்லை. "குறையா? எந்தப் பாவி சொன்னான்? பெத்த பொண்ணு கூட இப்படிப் பாக்காது கண்ணு."

"அப்ப ஏம்மா அழற மூஞ்சியை அமுக்கறீங்க?"

"நல்லாக் கேட்டே போ! நர்ஸம்மா அட்டையில இருக்கற அதே மூஞ்சிங்கதானே? உயிர் போற வலிய வெச்சுக்கிட்டு சிரிக்கிற மூஞ்சியைத் தொடச் சொல்றியா? பொய் சொன்னா புண்ணு ஆறுமா?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சரிம்மா. உங்க வலிக்கு ஒரு தடவை போதாதா? எதுக்கு இத்தனை?"

தையல்காரம்மா உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பரிவோடு பார்த்தார். கால் பிசகினவர், இடுப்பு பிடித்தவர், தலையில் கட்டோடு சாய்ந்திருந்தவர்.

"பாவம், எந்திரிச்சு வர முடியாதவங்களுக்கும் சேத்து நானே அமுக்கிடறேன் கண்ணு!"