பளபளக்கும் ஜீப்

"பைப்பைத் தள்ளிப் பிடி வெர்ன். வேகமா அடிச்சா துணிக்கூரை தையல் விட்டுரும். கோல்பி வந்தா என்னைத்தான் திட்டுவான்."

"தெரியும் டார்லா. பிளாஸ்டிக் ஜன்னலைக்கூட ஈரத்துணியாலதான் துடைச்சேன். ஒரு கீறல் கிடையாது."

மோவாப் பாலைவன ஊரின் வெயிலில் மகன் கோல்பியின் ஜீப் புதிதுபோல் மின்னியது.

தேடுதல் குழு அதிகாரி வந்ததும் திகைத்து நின்றார்.

"கழுவிட்டீங்களா? உங்க பையனைப் பள்ளத்தாக்குலயே விட்டுட்டு, அவன் கூட்டாளி ரீட் உதவி தேடி ஓட்டிட்டு வந்த வண்டியாச்சே! எங்கேன்னு சொல்லாமலே ஆஸ்பத்திரியில செத்துட்டான். சக்கரத்துச் சேத்தை வச்சாவது எந்தப் பள்ளத்தாக்குன்னு கண்டுபிடிக்கலாம்னு ஓடி வரேன்!"

"சிவப்பு மண்ணுதான் சார்" என்றாள் டார்லா அவசரமாக.

"இங்க எல்லாப் பள்ளத்தாக்கும் சிவப்புதாம்மா. எந்தச் சிவப்புன்னு பாக்கத்தான் வந்தேன்."

வெர்ன் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் தேடினார். அங்கேயும் சுத்தமாகத்தான் கழுவியிருந்தார்.