பைகளுக்குக் காவல்

காலையிலிருந்து இது நாலாவது கடற்கரை. வேனில் வந்த எட்டுப் பேரும் பரிபூரணத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள், செல்போன்களை அவள் மடியில் கொட்டினார்கள், கடலுக்கு ஓடினார்கள். முந்தைய மூன்று கடல்களையும் அவள் இப்படி உட்கார்ந்தபடியேதான் பார்த்தாள்.

பக்கத்தில் வேறொரு குடும்பத்தின் பைகளுக்கு நடுவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இவள் வயதுதான் இருக்கும்.

“நீங்க போயி கால நனைச்சிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்.”

“எங்க ஆளுங்க வந்து கேட்டா?”

“கேட்டா எடுத்துக் குடுக்கேன். அதுல என்ன இருக்கு?”

வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு பரிபூரணம் நடந்தாள். முதல் அலை கணுக்காலைத் தொட்டதுமே பைகளின் நினைப்பு வந்து திரும்பிப் பார்த்தாள்.

தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் மகன் அங்கே நின்றான். கடலைப் பார்த்தபடியே பின்பக்கமாகக் கையை நீட்டினான். அந்தப் பெண் துண்டைக் கொடுத்தாள். தலையைத் துவட்டி, துண்டை அவள் மடியிலேயே போட்டுவிட்டு மறுபடியும் கடலுக்கு ஓடினான். அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

பரிபூரணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னும் இரண்டு எட்டு உள்ளே போனாள்.