ஓரம் இல்லாத படம்

மூளையும் இதயமும் முழுதாக வளராமல் பிறந்த என் மகனுக்கு வந்திருப்பது பரம்பரை நோயா என்று புரிந்துகொள்ள, இரண்டு குடும்பத்துப் பழைய படங்களையும் டாக்டர் கேட்டார்.

“எங்க வம்சத்துல இப்படி யாருமே கிடையாதும்மா. இவங்க பக்கம் நல்லா விசாரிங்க” என்று மாமனார் டாக்டரிடம் ஒரு படத்தை நீட்டினார். அதில் அவர் வாலிபராகத் தனியே நின்றார். படத்தின் இடது ஓரம் இல்லை.

“கரையான் அரிச்சிடுச்சு.”

கரையானுக்கு இவ்வளவு நேராக அரிக்கத் தெரியுமா? படத்தைக் கையில் வாங்கினேன். கத்தரிக்கோலுக்கு ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அவருடைய தோளில், பக்கத்தில் யாரோ தூக்கி வைத்திருந்த ஒரு குழந்தையின் கை. விரல்களை எண்ணினேன். ஆறு.

மடியிலிருந்த மகனின் கையுறையைக் கழற்றினேன். சுண்டுவிரலை ஒட்டி முளைத்த ஆறாவது விரலோடு அவன் கையை எடுத்து, மாமனாரின் தோளில் அதே இடத்தில் வைத்தேன்.