மொட்டைத் தோட்டம்

"மேரி, உன் ப்ளாட்டு இன்னியோட கான்சல்!"

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்பக்கம். காய்கறி போட்டுக்கச் சொல்லி வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் காலனி சங்கம் பிரிச்சுக் கொடுத்திருந்துச்சு. சங்கத்துக்கு செக்ரட்டரி நந்தகுமார். வொர்க்‌ஷாப்ல ஃபிட்டர். காலனிக்குள்ள கால் வெச்சா ஜெனரல் மேனேஜர்.

இன்னிக்கு வீட்டுத்தோட்டப் போட்டி.

"கைக்குண்ணே, ஏன்? நான் என்ன பண்ணேன்?" ஆரோக்கியமேரி முகம் வெளுத்துப்போச்சு.

"என்ன பண்ணியா? தோட்டத்தைப் பாரு, திருப்பதி போயிட்டு வந்த தலை மாதிரி! ஜட்ஜ் வர்ற நேரத்துல காலனி மானமே போகுது."

மொட்டைதான். முருங்கையில வெறும் குச்சி. தண்டுக்கீரைப் பாத்தியில தண்டு இருக்கு, கீரையைக் காணோம். பீர்க்கங்கொடியில பேருக்குக் கூட ஒரு காய் இல்ல.

மேரிக்கு வீட்டுக்காரர் இல்ல. ரெண்டு பசங்க தட்டுல கலர்னு ஒண்ணு விழுந்தா, அது இந்தத் துண்டு நிலத்துல இருந்து வந்ததுதான். அதுவும் போச்சுன்னா வெள்ளைச் சோறும் வெள்ளை மோரும்தான்.

பக்கத்து ப்ளாட்டு நந்தகுமாரோடது. கத்திரிக்காய் ஒவ்வொண்ணும் சீரியல் பல்பு மாதிரி மின்னுது. காலையிலதான் ஈரத்துணியால துடைச்சு விட்டாரு. பவுடர் போடாதது ஒண்ணுதான் பாக்கி.

ஜட்ஜ் அனுபமா ஸ்கூட்டியில வந்து இறங்கினாங்க. சுத்துப்பட்டு கிராமத்துல எல்லாம் வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போட வைக்கிறவங்க. நேரா நந்தகுமார் வெண்டைச் செடிகிட்ட போய், ஒரு காயோட நுனியை ஒடிச்சுப் பாத்தாங்க.

ஒடியல.

இன்னொண்ணு. வளைஞ்சுது, ஒடியல.

"சார், இதை வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போங்க. ஸ்பேனருக்கு ஆகும்."

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது.

"ஏன் சார் முத்த விட்டீங்க?"

"போட்டி மேடம்! ரெண்டு மாசமா யாரையும் கை வைக்க விடல. என் சம்சாரம் சுபாஸ்ரீயே தக்காளி கேட்டா. நக்கோ, வேணாம்னுட்டேன்."

"அப்ப சமையலுக்கு?"

"தெருவுல கீரை வண்டிக்காரன் வர்றான் மேடம். சுபாஸ்ரீ அவன்கிட்டதான் வாங்குறா. தோட்டகூரா பப்பு, அதாவது நம்ம தண்டுக்கீரைக் கடையல், வெச்சான்னா அடடா! அவளுக்கு இப்ப ஏழாம் மாசம். ரத்தம் பத்தலன்னு டாக்டர் திட்டிக்கிட்டே இருந்தாங்க. மாத்திரையும் அந்தக் கீரையும் சேர்ந்து, போன வாரம் டெஸ்ட்ல நார்மல்!"

அனுபமா தலையாட்டிட்டு மேரி ப்ளாட்டுக்கு வந்தாங்க. மண்டி போட்டு உக்காந்து ஒரு தண்டைத் தொட்டுப் பாத்தாங்க.

"இது இன்னிக்குக் கிள்ளினது. ஈரம்கூடக் காயல."

"ஆமா மேடம்."

"அப்ப இன்னிக்கு உங்க வீட்ல கீரையா?"

"இல்ல மேடம். ரசம். அப்பளம்."

"கீரை எங்க போச்சு?"



"நான் சொல்றேன் மேடம்!" நந்தகுமார் உள்ள பூந்தாரு. "வித்துட்டா! அந்த வண்டிக்காரனுக்கே வித்திருப்பா. இங்க விளையறதை விக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. கான்சல்னு சும்மாவா சொன்னேன்?"

"வித்தீங்களா மேரி?"

"இல்ல மேடம்."

"யாருக்காவது கொடுத்தீங்களா?"

மேரி தரையையே பாத்தாங்க. அப்புறம் மெதுவா, "கான்சல் பண்ணணும்னா பண்ணிக்கச் சொல்லுங்க மேடம்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!"

"எந்த வண்டிக்காரனுங்க?"

குரல் பின்னாடி இருந்து. சுபாஸ்ரீ. ஒரு கை வயித்துல, இன்னொரு கையில ஆவி பறக்குற கீரைக் கடையல் கிண்ணம்.

"நீ எதுக்கு வெயில்ல வந்த?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நம்ம தெருவுல கீரை வண்டி வந்து நீங்க என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

நந்தகுமார் தெருப்பக்கம் திரும்பிப் பாத்தாரு, இப்பவாவது வண்டி வருதான்னு. 

"காலையில நீங்க டியூட்டிக்குக் கிளம்பினதும் நம்ம பின்சுவத்து மேல ஒரு கை நீளும். கையில ஒரு கட்டுக் கீரை. மேரியோட அந்தக் கைதான் வண்டி." கிண்ணத்தை நீட்டினா. "ரெண்டு மாசமா நீங்க சப்புக்கொட்டித் தின்னது இந்த மொட்டையைத்தான். உள்ள உங்க புள்ள தின்னதும் இதைத்தான்."

நந்தகுமாருக்கு வெண்டைக்காயை முழுங்கின மாதிரி ஆகிப்போச்சு. முத்தினதை.

அனுபமா பரிசுக் கப்பைத் தூக்கினாங்க. "கிராமத்துல நான் செடியைப் பாத்து மார்க் போடுறதில்ல. தட்டைப் பாத்துத்தான் போடுவேன். ஒரு தோட்டம் ரெண்டு வீட்டுத் தட்டை நிரப்பியிருக்கு. ஃபர்ஸ்ட் ப்ரைஸ், ஆரோக்கியமேரி!"

வொர்க்‌ஷாப் சங்கே தோத்துப்போகும், அப்படி ஒரு விசில். மேரியோட ரெண்டு பசங்களும் கப்பைப் புடுங்கித் தலையில கவுத்துக்கிட்டு ஆடுதுங்க.

"செக்ரட்டரி சார், அந்த ப்ளாட்டு கான்சல்?" கூட்டத்துல ஒருத்தன் கேட்டான்.

"அந்தக் கான்சல்... கான்சல்."

கூட்டம் கலைஞ்சதும் நந்தகுமார் மேரிகிட்ட தயங்கித் தயங்கி வந்தாரு.

"ஏம்மா, உன் ப்ளாட்டே போற மாதிரி இருந்துச்சு. சுபாஸ்ரீக்குத்தான் கொடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிண்ணே சொல்றது? செக்ரட்டரி வீட்டுப் புள்ளத்தாச்சி பக்கத்து வீட்ல கீரை வாங்கித் திங்கிறான்னா, காலனி மானம் போயிடாது?"